கனமில்லாத உறை

ஜூன் 11

மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. மோட்டார் பார்க்கிறவர் பதினோரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லி மூன்று மணிக்கு வந்தார். அதற்குள், குளிக்காத கோலத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது, பதிப்பாளர் அபுதாகிர் வந்து சேர்ந்தார்.

முப்பத்தைந்து வயது இருக்கும். பேய்ப்படப் பைத்தியம். அதிலும் ஒரே படத்துக்குள் நாலைந்து குட்டிக் கதைகளை அடுக்குகிறார்களே, அந்த வகையை ஒன்றுவிடாமல் பார்ப்பவர். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"ரெண்டரை மணி நேரம் ஒரே பேயோட யாரால சார் குடும்பம் நடத்த முடியும்? அரை மணிக்கு ஒரு பேய். வந்துச்சா, பயமுறுத்துச்சா, போய்க்கிட்டே இருக்கணும். பஜ்ஜிக் கடை மாதிரி சார். வாழைக்காய் சரியில்லன்னா அடுத்தது வெங்காயம்."

அவருக்கு வேண்டியது இதுதான். தொண்ணூறுகளில் 'தாழைமடல்' வார இதழ் அமாவாசைதோறும் ஒரு பேய்க்கதை வெளியிட்டது. அவற்றில் பன்னிரண்டைப் பொறுக்கி 'பன்னிரண்டு அமாவாசை' என்று ஒரு தொகுப்பு. ஆடி அமாவாசைக்குள் கடைக்கு வந்துவிட வேண்டும். அந்தப் பக்கத்தைக் கவனித்த உதவி ஆசிரியன் நான். இதழ் மூடி இருபது ஆண்டாகிறது. நான் ஆதம்பாக்கத்தில் அடுத்தவர் புத்தகங்களுக்குப் பிழை திருத்திக்கொண்டிருப்பதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்பது கதைகள் மரகதவல்லி என்ற பெயரில் வந்தவை. பழைய வாசகர்கள் இன்றும் பேசுவது அவற்றைத்தான். வேறு இருவர் எழுதியவை இரண்டு தேறும். ஆக, ஒன்று குறைகிறது.

"மரகதவல்லி கதைக்கு அனுமதி பிரச்சினையே இல்ல சார். அது தேவசகாயம் சார்தானே? அஞ்சலிக் கூட்டத்துலகூடச் சொன்னாங்களே. அவர் சம்சாரம் எஸ்தரம்மா கையெழுத்துப் போடத் தயாரா இருக்காங்க."

தேவசகாயம் எனக்கு அடுத்த மேசையில் இருந்தவன். என்னைவிட மூன்று ஆண்டு இளையவன், எனக்கு முன்னால் ஆசிரியரானவன். பிறகு சினிமாவுக்குப் போனான். போன மாசியில் இறந்தான். இறந்தும் அவனுக்கு ஏறுமுகம்தான்.

"கொஞ்சம் பொறுங்கள். அது அவன் எழுதியதல்ல" என்றேன்.

"அப்ப யார் சார்?"

"விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். மோட்டார்க்காரர் வந்துவிட்டார்.

ஜூன் 14

பரணில் இருக்கும் தகரப்பெட்டியை இறக்கவில்லை. முழங்கால் வலி.

ஜூன் 19

ஒன்பது கதைகளையும் ஒரே மூச்சில் படித்தேன். தொகுப்பு என்றால் வரிசைதான் எல்லாம். முதல் கதை சட்டென்று கதவைத் திறக்க வேண்டும். நடுவில் ஒன்று கொஞ்சம் சிரிக்க வைக்க வேண்டும், மூச்சு வாங்குவதற்காக. கடைசிக் கதை வாசகரோடு அவர் வீட்டுக்கே போக வேண்டும். இது எனக்குத் தெரிந்த அளவுக்குத் தமிழ்நாட்டில் வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்து என்ன பயன்? என் முனைவர் பட்ட வழிகாட்டி என் ஆய்வேட்டை மூன்று ஆண்டு மேசைக்கடியில் போட்டுவைத்தார், தலைப்பில் பேய் என்ற சொல் வந்ததற்காக.

இந்தக் கதைகள் ஏன் பிடிக்கின்றன என்று இன்று வேறு ஒன்றும் தோன்றியது. தப்பு செய்தவனுக்குப் பத்தே பக்கத்தில் கிடைத்துவிடுகிறது. கிணற்றில் தள்ளியவனைக் கிணறு கூப்பிடுகிறது. நகையைத் திருடியவளின் கழுத்து கறுக்கிறது. பக்கத்தைப் புரட்டினால் அடுத்த ஆள், அடுத்த தப்பு. வாசகர் நிம்மதியாகத் தூங்கப் போகிறார். எனக்குத் தெரிந்த ஒருவன் தப்பு செய்து இருபத்தெட்டு ஆண்டாகிறது. அவனுக்கு ரத்த அழுத்தம்கூடச் சரியாகவே இருக்கிறது.

மரகதவல்லி விவகாரத்தை எழுதிவைக்கிறேன். அந்தக் காலத்தில் ஆண்கள் மனைவி பெயரில், தங்கை பெயரில், இல்லாத பெண்ணின் பெயரில் எழுதுவது சகஜம். பெண் பெயருக்கு வாசகர் கடிதம் அதிகம் வரும். அறந்தாங்கியிலிருந்து மரகதவல்லி என்ற பெயரில் முதல் கதை வந்தபோது அலுவலகமே கேட்டது: "யாருய்யா இது, நம்ம ஆளா?" தேவசகாயத்தின் மாமனார் ஊர் அறந்தாங்கி. அவனிடம் கேட்டேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தான். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஒரு வார்த்தை, 'நான் இல்லை' என்று சொல்லியிருக்கலாம்.

ஜூன் 27

பெட்டியை இறக்கினேன். என் மனைவி வத்சலா ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"இருபது வருஷமா தொடாத பெட்டிய இப்ப என்ன அவசரம்னு இறக்குறீங்க?"

"ஒரு கதை வேணும்."

"பக்கத்துல நானே ஒரு கதை மாதிரி நிக்கறேன். மெதுவா, மெதுவா."

இருந்தது. மரகதவல்லியின் பத்தாவது கதை, கோடு போட்ட தாளில் பதினாறு பக்கம், கையெழுத்துப் பிரதி. அச்சாகாதது. புகுந்த வீட்டில் ஒரு பெண். ஒருநாள் கடைக்குட்டி நாத்தனாருக்கு அவள் குரல் கேட்கவில்லை. மறுநாள் கொழுந்தனுக்கு. ஒவ்வொரு நாளும் ஒருவருக்கு. கடைசியில் கணவனுக்கும் கேட்காமல் போகிறது. அவள் அடுக்களையில் தனியாக நின்று தன் பெயரைத் தானே சொல்லிப் பார்க்கிறாள். அவளுக்கே கேட்கவில்லை. அவ்வளவுதான் கதை. ரத்தம் இல்லை, சலங்கை இல்லை.

வத்சலா கீரை ஆய்ந்துகொண்டே படித்தாள். முடித்ததும் கீரையை அப்படியே வைத்துவிட்டு, முதல் பக்கத்துக்குத் திரும்பி எழுதியவர் பெயரை இன்னொரு முறை பார்த்தாள்.

"இத ஏன் நீங்க போடல?"

"இடம் இல்லாமல் போயிருக்கும்."

முதல் பக்கத்தில் முகவரி இருக்கிறது. அறந்தாங்கி, கட்டுமாவடி சாலை, ஓர் உரக்கடை.

இதைக் கொண்டு தேவசகாயம் வீட்டார் வாயை அடைத்துவிடலாம். கையெழுத்து அவனுடையதல்ல. அதற்காகத்தான் அறந்தாங்கி போகிறேன்.

ஜூலை 5, அமாவாசை

புதுக்கோட்டைவரை ரயில், அங்கிருந்து பேருந்து. எதிர் இருக்கைக்காரர் காரைக்குடிவரை தன் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசத் தயாராக இருந்தார், நல்லவேளையாக நான் முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

உரக்கடை அதே இடத்தில் இருக்கிறது. கல்லாவில் அறுபது வயதுக்காரர், மரகதவல்லியின் கொழுந்தனாம். பெயரைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவுக இங்க இல்லிங்களே. ஆவுடையார்கோயில் பக்கம் பால்வாடில இருக்காக. என்ன விசயம்?"

"அவர்கள் எழுதிய கதைகளைப் புத்தகமாகப் போடுகிறோம்."

அவர் சிரித்தார். "கதையா? அது எங்க சார் எழுதுச்சு? மெட்ராஸ்ல எவனோ எழுதுனான். பத்திரிகையிலயே போட்டிருந்துச்சே. ஊருக்கே தெரியும்."

ஆட்டோ பிடித்துப் போனேன். குழந்தைகள் சாப்பிடும் நேரம். பதினைந்து பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நரைத்த தலையோடு ஒருவர் முட்டையை உரித்துக்கொண்டே கதை சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"டீச்சர், தலையில்லாத ஆத்தா எப்புடிச் சோறு திங்கும்?"

"அதான் திங்க முடியாம அலையுது. ஒனக்குத்தான் தலை இருக்குல்ல, தின்னு."

அவர்தான் மரகதவல்லி. ஐம்பத்தெட்டு வயது. நான் தொகுப்பாசிரியர் என்று மட்டும் சொன்னேன். பெயரைக் கேட்டார். சொன்னேன். தாழைமடலில் வேலை பார்த்ததைச் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

"என் கதையவா? இப்பவா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு கண்ணாடியைப் போட்டு அனுமதிப் படிவத்தை நிதானமாகப் படித்தார். பேசும்போதும் குழந்தைகள் மேல் ஒரு கண் இருந்தது.

"பத்தாவதா ஒண்ணு அனுப்பினேன் சார். தபால் தலை ஒட்டி எங் கையாலயே விலாசம் எழுதுன கவரும் வச்சு. கதை வேண்டாம்னா அதுலதான திருப்பி அனுப்புவாக? கவர் தடியா வந்தா கதை திரும்பிருச்சு. லேசா வந்தா போடப்போறாகன்னு லெட்டர். ஒம்பது தடவையும் லேசாத்தான் வந்துச்சு. அன்னைக்கும் லேசா இருந்துச்சு. மாமியா, கொழுந்தன், நாத்தனார் எல்லாரும் சாப்புட்டுக்கிட்டு இருந்தாக. எங்க வீட்டுக்காரவுககிட்டக் குடுத்து, சத்தமாப் படிங்கன்னேன். பெருமைக்குத்தான்."

நான் தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"'நண்பரே, போதும் இந்தப் புடவை வேஷம்'னு இருந்துச்சு. 'குடும்பப் பெண் எவளும் இப்படி யோசிக்க மாட்டாள். இது ஆணின் மூளை என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது'ன்னு. அவுக படிச்சுட்டு நிமிந்து பாத்தாக. 'யாரு அது நண்பரு?'ன்னாக. அதுக்கு அடுத்த வாரம் பத்திரிகையிலயே ஒரு வாசகர் கடிதம். கோமதி, கும்பகோணம். மரகதவல்லிங்கறது ஆம்பளைதான், தனக்கு நல்லாத் தெரியும்னு. அப்பறம் வீட்ல ஒரே கேள்விதான் சார். எந்த ஆம்பள ஒனக்கு எழுதிக் குடுக்குறான்? எதுக்கு எழுதிக் குடுக்குறான்?"

"நீங்கள் எதிரில் உட்கார்ந்து எழுதிக் காட்டியிருக்கலாமே?"

"எழுதிக் காட்டுனேன். மனப்பாடம் பண்ணி எழுதுறேன்னாக. ரெண்டு வருசம் ஒரே வீட்ல எங்கூட யாரும் பேசல. நான் எழுதுன கதையேதான். மகளத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். எங்க வீட்டுக்காரவுக தவறி ஆறு வருசமாச்சு. கடைசி வரைக்கும் நம்பல. மக திருப்பூர்ல இருக்கு. அதுவும் கேக்கும், 'ஏம்மா, நெசமா நீதான் எழுதுனியா?'ன்னு. விளையாட்டுக்குத்தான் கேக்கும். இருந்தாலும் கேக்கும்."

வெளியே ஒரு பையன் தட்டைக் கவிழ்த்தான். போய்த் துடைத்துவிட்டு வந்தார்.

"பத்திரிகைக்கு ஒரு கார்டும் போட்டேன். நான் பொம்பளதான்யா, எங்க வீட்டுக்காரவுகளுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கன்னு. பதிலே வரல."

"ஆயிரம் கார்டு வரும் இடம். தொலைந்திருக்கும்" என்றேன்.

"இருக்கும்" என்றார்.

பிறகு தொகுப்பைப் பற்றிக் கேட்டார். கடைசிக் கதைதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்க வேண்டும் என்று விளக்கினேன். உற்சாகமாகவே விளக்கினேன் என்று நினைக்கிறேன்.

"அப்பச் சரி. எனக்கு ஒரே நிபந்தனை. எனக்கு வந்த லெட்டரையும் அந்தக் கோமதி லெட்டரையும் கடைசியில போடுங்க. அதவிடப் பயமானது எங்கிட்ட இல்ல. எழுதுனவுக பேரையும் போடணும்."

"எழுதியவர் யார் என்று எப்படித் தெரியும்?"

"நீங்க தொகுப்பாசிரியருதான? கண்டுபிடிங்க."

நிபந்தனையைப் படிவத்தின் அடியில் என்னையே எழுதச் சொன்னார். தன் கண்ணாடி வீட்டில் இருக்கிறதாம். அது கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது; வயதானால் மறதி வரத்தானே செய்யும். எழுதிக் கொடுத்தேன். தாளை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். "சில பேருக்குக் கையெழுத்து மாறுறதே இல்ல" என்றார். பொதுவாகச் சொன்னார். கையெழுத்துப் போட்டார். இரும்புப் பெட்டியிலிருந்து அந்தக் கடிதத்தின் நகலை எடுத்துக் கொடுத்தார். நகல் எடுத்துத் தயாராக வைத்திருந்தார்.

போகும்போது பிள்ளைகளிடம், "சாருக்கு டாட்டா சொல்லுங்க" என்றார். பதினைந்து பேரும் சொன்னார்கள்.

ஜூலை 6

வீடு வந்தேன். கையெழுத்து கிடைத்ததா என்று அபுதாகிர் கேட்டார். கிடைத்தது என்றேன். நிபந்தனையைச் சொல்லவில்லை.

ஜூலை 12

கேஸ் சிலிண்டர் வந்தது. மின்கட்டணம் கட்டினேன். பல் மருத்துவரிடம் போகவில்லை.

தொகுப்பின் கடைசியில் அந்த இரண்டு கடிதங்களையும் போட்டுவிடலாம். ஒன்றில் 'உதவி ஆசிரியர்' என்றுதான் இருக்கிறது. இன்னொன்றில் கோமதி, கும்பகோணம். யாருக்கும் தெரியப்போவதில்லை. தேவசகாயமும் அப்போது உதவி ஆசிரியன்தான். படிக்கிறவர்கள் அவன் என்று நினைத்துக்கொண்டால் அது என் பொறுப்பல்ல.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்க் கைகழுவிவிட்டு வந்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

எழுதவேண்டியதை எழுதிவிடுகிறேன். அந்தக் கதையைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் அதுவரை எழுதிய முப்பது கதைகளில் அப்படி ஒரு பக்கம் கிடையாது. தேவசகாயம் இதையும் எழுதிவிட்டான் என்று நம்பினேன். அதனால்தான் அந்தக் கடிதம். உறையில் இருந்த கையெழுத்து அவனுடையதல்ல என்பதைப் பார்த்தேன். மனைவியை எழுதச் சொல்லியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதையைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் வைத்துக்கொண்டு, கடிதத்தை மட்டும் உறையில் போட்டேன். கோமதியும் நான்தான். புடவை வேஷம் என்று எழுதிய கையால் ஒரு பெண் பெயரில் கடிதம் எழுதினேன். அன்று அது நகைச்சுவையாகக்கூடத் தோன்றவில்லை.

கார்டு தொலையவில்லை. நவம்பர் 1996. என் மேசைக்கு வந்தது. 'ஐயா, நான் பெண்தான். கதைகளை நான்தான் எழுதுகிறேன். என் கணவருக்கு ஒரு வரி எழுதினால் போதும்.' படித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வரி எழுதியிருந்தால் கோமதி யார் என்று ஆசிரியர் கேட்டிருப்பார். தேவசகாயம் சிரித்திருப்பான். அந்தச் சிரிப்புக்குப் பயந்து கார்டைப் பைக்குள் வைத்தேன். பெட்டியில், கதைக்கு அடியில் இருக்கிறது. ஜூன் 27 அன்றே பார்த்தேன். அன்று எழுதவில்லை.

ஜூலை 18

அபுதாகிரிடமிருந்து அச்சு மெய்ப்புகள் வந்தன, நான் அனுப்பிய இரண்டு கடிதங்களும் சேர்ந்தே. கண் எரிச்சலாக இருந்ததால் வத்சலாவை உரக்கப் படிக்கச் சொல்லி நான் மூலத்தோடு ஒப்பிட்டேன். எப்போதும் அப்படித்தான் செய்வோம். கடைசி இரண்டு பக்கங்களை எடுத்து வைத்துவிட நினைத்தேன், அதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"'நண்பரே, போதும் இந்தப் புடவை வேஷம்...'" நிறுத்தினாள். "ஏங்க, இது நீங்க எழுதினதா?"

"ஏன் கேக்கற?"

"'ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.' நம்ம மாப்பிள்ளைக்கு எழுதின லெட்டர்லயும் இதேதானே எழுதினீங்க. முப்பது வருஷமா உங்க எழுத்தப் படிக்கறவளுக்குத் தெரியாதா?"

ஆமாம் என்றேன்.

கோமதி கடிதத்தையும் அவள் முழுதாகப் படித்தாள். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எதையும் விடவில்லை. பிறகு தாளை மேசையில் வைத்தாள்.

"அந்தப் பொம்பளை என்ன ஆனாங்க?"

சொன்னேன். கார்டையும் எடுத்துக் காட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்துபோய்ப் பால் காய்ச்சினாள். எனக்கு டம்ளரை வைக்கும்போது சொன்னாள்:

"ஒரு வரிதானேங்க கேட்டாங்க."

ஜூலை 20

பொருளடக்கத்தை நானே தட்டச்சு செய்தேன். பன்னிரண்டாவது, அந்தப் பத்தாவது கதை. அதற்குக் கீழே:

13. இரண்டு கடிதங்கள் – கு. நாகலிங்கம்

முதலில் 'உதவி ஆசிரியர்' என்றுதான் அடித்தேன். அழித்தேன். 'பெயர் தெரியவில்லை' என்று அடித்தேன். அதையும் அழித்தேன். என் பெயரை அடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கவில்லை. வத்சலா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டாள்.

முன்னுரையில் ஒரு பத்தி சேர்த்தேன். பத்துக் கதைகளையும் எழுதியவர் அறந்தாங்கி மரகதவல்லி. வேறு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இது எனக்கு 1996 முதல் தெரியும்.

மாலையில் அபுதாகிர் கூப்பிட்டார்.

"சார், கடைசியா நீங்களே ஒரு கதை சேத்திருக்கீங்களே, லெட்டர் மாதிரி. பட்டப்பகல்லயே லைட்டப் போட்டுக்கிட்டேன் சார்! பேயே இல்லாம எப்டி சார்? தலைப்பு பன்னிரண்டுதான், பரவால்ல. சில வருஷம் பதிமூணு அமாவாசை வருமே, அந்த மாதிரின்னு வச்சுப்போம்."

"அது கதை இல்லை, அபுதாகிர்."

"இல்லன்னா?"

"முன்னுரையைப் படியுங்கள்."

தாள் புரளும் சத்தம் கேட்டது.

"சரிங்க சார்" என்றார் கடைசியில். என்னை இதுவரை அவ்வளவு மரியாதையாகவும் அவ்வளவு தூரத்திலிருந்தும் யாரும் 'சார்' என்று சொன்னதில்லை.

ஜூலை 30

புத்தகம் வந்துவிட்டது. இரண்டு பிரதி, பதினாறு பக்கக் கையெழுத்துப் பிரதி, கார்டு. எல்லாவற்றையும் கட்டி ஆவுடையார்கோயிலுக்கு அனுப்பினேன். ஒரு பிரதி திருப்பூரில் இருக்கும் மகளுக்கு என்று மேலே எழுதிவைத்தேன். உடன் கடிதம் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். வைக்கவில்லை.

ஆகஸ்ட் 4, ஆடி அமாவாசை

அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தேன். வெளியீட்டு விழாவுக்குப் போகவில்லை. தேவசகாயத்தின் மனைவி எஸ்தர் போன் செய்தார்கள். "அவருக்குப் பேய்க்கதைன்னாலே பயங்க. ராத்திரி தனியா பாத்ரூம்கூடப் போக மாட்டார். எல்லாரும் அவர்தான்னு சொன்னப்ப எனக்கும் ஆச்சரியம்தான்" என்றார்கள். அவன் அன்று ஏன் சிரித்தான் என்று இருபத்தெட்டு ஆண்டு யோசித்திருக்கிறேன். பயத்தை மறைக்கச் சிரித்திருப்பான்போல.

ஆகஸ்ட் 9

தபால்காரர் மணியடித்தார். பழுப்பு உறை, என் பெயர். மேலே மரகதவல்லியின் அதே கையெழுத்து. அவர் சொன்னது சரிதான், சில பேருக்கு மாறுவதே இல்லை.

கையில் எடை பார்த்தேன். கனமில்லை. ஒரே ஒரு தாள்தான் இருக்கும்.

வத்சலா வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளும் மாப்பிள்ளையும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள், அவர்களும் திரும்பினார்கள். உள்ளே கொண்டுபோய்ப் படிக்கலாம் என்று இரண்டடி எடுத்து வைத்தேன். பிறகு திரும்பி வந்து, உறையை வத்சலாவிடம் கொடுத்தேன்.

"சத்தமாவே படி" என்றேன்.

அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, உறையை ஓரமாகக் கிழித்து, தாளைப் பிரித்தாள்.

"'நண்பரே,'" என்று ஆரம்பித்தாள்.